நம்பு மாப்ளே, நல்லா நம்பு!

மாப்ளே, உன்னை ஏமாளின்னு யாரு சொன்னது? சொன்னவன் வாயில மண்ணு. அரசாங்கம் சொன்னா நம்பமாட்டே, டாக்டர் சொன்னா நம்பமாட்டே, பேப்பர்ல வந்தா நம்பமாட்டே. பெத்த தாய், என் தங்கச்சி, "பசியாறிட்டுப் போடா"ன்னு தட்டை வச்சாக்கூட இட்லியைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் வாயில வைப்பே. இவ்வளவு விவரமான ஆளு நம்ம வம்சத்துல பொறந்ததே இல்லை. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு, பேரும் தெரியாத ஊரும் தெரியாத ஒருத்தன் பச்சைக் கட்டத்துக்குள்ள சிவப்பு எழுத்துல என்னத்தையாவது எழுதி அனுப்பினா மட்டும், இருக்குற அத்தனை குரூப்புக்கும் தள்ளிவிட்டுட்டுத்தான் கண்ணை மூடுறே.

அந்த ஹெலிகாப்டர் சமாச்சாரம் ஞாபகம் இருக்கா? 2020 மார்ச் 18-ம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே அடங்கிக் கிடந்துச்சு. அப்ப நம்ம குடும்பக் குரூப்புல நீ போட்டே: இன்னிக்கு ராத்திரி ஹெலிகாப்டர்ல வந்து மருந்து தெளிக்கப்போறாங்க, கொடியில கிடக்குற துணியை எல்லாம் உள்ள எடுத்துடுங்க, யாரும் வெளிய வராதீங்க. உங்க அத்தை என்னைத் தூக்கத்துல இருந்து எழுப்பிட்டா. கைலி, துண்டு, பேத்தியோட பள்ளிக்கூடச் சட்டை, எல்லாம் சொட்டச் சொட்ட உள்ள வந்துச்சு. நாற்காலி மேல ஒண்ணு, ஜன்னல் கம்பியில ஒண்ணு, சாமி மாடத்துக் கதவுல ஒண்ணு. ஹெலிகாப்டர் வரலை மாப்ளே. எனக்குச் சளிதான் வந்துச்சு. அப்புறம் என் பேத்தி சொல்லுச்சு, அதே ஹெலிகாப்டர் அந்த மாசம் எத்தனையோ நாட்டுல, எத்தனையோ பாஷையில பறந்துச்சாம். எங்கயும் இறங்கலையாம்.

நீ பிரிக்பீல்ட்ஸ்ல, ஜாலான் துன் சம்பந்தன்ல, போன் உறையும் சார்ஜரும் விக்கிற ஆளு. அந்த நீயே "கோவிட்டைப் பரப்புறது 5ஜி கோபுரம்"னு அனுப்பினே பாரு, அங்கதான் உன் வியாபார தர்மத்தை மெச்சினேன். சொந்தக் கடைச் சரக்கைத் தானே பழிக்கிற வியாபாரி எங்க கிடைப்பான்? ஒரே ஒரு கணக்குதான் இடிக்குது. நம்ம மலேசியாவுல முதல் கோவிட் நோயாளிங்களைக் கண்டுபிடிச்சது 2020 ஜனவரி 25. 5ஜி சேவை இங்க வந்தது 2021 டிசம்பர் 15, அதுவும் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூர்ல கொஞ்ச இடம். அதுக்குள்ள 26 லட்சம் பேருக்கு மேல தொத்தி முடிஞ்சிருச்சு. கோபுரத்துக்கு அலை வர்றதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் முந்தியே அது வேலையைக் காட்டியிருக்குன்னா, அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கோயில்தான் கட்டணும். நீ அனுப்பின அதே கதையை உன்னைவிடத் தீவிரமா நம்பினவங்க இங்கிலாந்துல இருந்தாங்க. 2020 ஏப்ரல்ல கோபுரங்களுக்குத் தீ வச்சாங்க. எரிஞ்சதுல ஒண்ணு, பர்மிங்ஹாம்ல கோவிட் நோயாளிகளுக்குன்னே அவசரமா எழுப்பின ஆஸ்பத்திரிக்கு சிக்னல் குடுத்துட்டு இருந்தது. அங்க ஒரு புருஷன் மூச்சு வாங்கிட்டுக் கிடந்தா, வெளிய நிக்கிற பொண்டாட்டி அவன்கிட்ட பேசறதுக்கு அந்தப் போன்தான் வழி.

ஊசிக்குள்ள சிப்பு விஷயமும் இருக்கு. தினம் கிள்ளான் ஸ்டேஷன்ல கொமியூட்டர் ஏறுறே, கேஎல் சென்ட்ரல்ல இறங்குறே, ஒரு தே தாரே குடிக்கிறே, கடையைத் திறக்குறே, ராத்திரி அதே ரயில்ல திரும்புறே. இதைக் கண்டுபிடிக்க பில் கேட்ஸ் காசு செலவு பண்ணணுமா? என் தங்கச்சிகிட்ட கேட்டா இலவசமாவே சொல்லிடும். கேக்காமலும் சொல்லும்.

சரி, மாமன் உன்னைச் சந்தேகமே படாதேன்னு சொல்ல வரலை. நான் புக்கிட் ராஜா தோட்டத்து லயத்துல பொறந்தவன். கிராணி செக்ரோல்ல அரை நாள் சம்பளத்தைத் தின்னுட்டான்னு ஆபீஸ் வாசல்ல நின்னு சண்டை போட்ட அப்பனுக்குப் பிள்ளை. மேல இருக்குறவன் சொல்றதை ரெண்டு தடவை யோசிக்கணும்கிறது எங்க ரத்தத்துல ஊறினது. அதுவும் அந்தக் கோவிட் காலத்துல மேல இருந்தவங்க நடந்துக்கிட்ட லட்சணத்துக்கு, சந்தேகப்படலைன்னாத்தான் தப்பு. 2020 மார்ச்சுல சுகாதார அமைச்சர் அடாம் பாபா டிவியில உட்கார்ந்து, சுடுதண்ணி குடிச்சா வைரஸ் வயித்துக்குள்ள இறங்கிடும், வயித்து அமிலம் அதைக் கொன்னுடும்னு சொன்னார். வாட்சாப் வைத்தியர் சொன்னா நாம சிரிச்சிருப்போம். அமைச்சர் சொன்னதால ஊரே உருண்டு சிரிச்சுச்சு. அப்புறம் ஜூலையில துருக்கிக்குப் போயிட்டு வந்த தோட்டத் தொழில் அமைச்சர், தனிமையில இருக்காம வெளிய நடமாடினார். அபராதம் 1,000 வெள்ளி. அடுத்த வருஷம் மார்ச்சுல நம்மள மாதிரி ஆளுங்க விதியை மீறினா 10,000 வெள்ளி வரைக்கும்னு ஏத்திட்டாங்க. தோட்டத்து அமைச்சரா இருந்துக்கிட்டு, துரைக்கு ஒரு நியாயம் கூலிக்கு ஒரு நியாயம்கிற பழைய தோட்ட வழக்கத்தை அவர் மறக்கலை, அவ்வளவுதான். சாயங்காலம் ஆனா சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் வந்து எண்ணிக்கை படிப்பார், "வீட்டுலயே இருங்க"ன்னு கெஞ்சுவார். ஒரு பக்கம் அந்த மனுஷன் பேச்சு, மறுபக்கம் இந்தக் கூத்து. பாதிப் பேருக்கு அவர் பேச்சும் காதுல ஏறாமப் போச்சுன்னா யாரைக் குத்தம் சொல்றது?

அதனால உன் சந்தேகத்தோட எனக்குச் சண்டை இல்லை. உன் சந்தேகம் ஒரு பக்கம் மட்டும் கட்டின வேலியா இருக்கு, அதுதான் என் வருத்தம். அமைச்சர் வர்ற பக்கம் முள்ளுக்கம்பி. பேரில்லாத குரல் பதிவு வர்ற பக்கம் திறந்த வெளி.

என் பேத்தி மலாயா பல்கலைக்கழகத்துல படிக்குது, உனக்குத் தெரியும். அது எனக்கு ஒரு ஆராய்ச்சியைப் படிச்சுக் காட்டுச்சு. ஜெர்மனிக்காரங்க ரெண்டு பேர், ரோலண்ட் இம்ஹோஃபும் பியா லாம்பெர்ட்டியும், 2020-ல அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் ஜனங்களைக் கேட்டிருக்காங்க. சதின்னு நம்புறவங்க ரெண்டு தினுசாம். "கோவிட்டுன்னு ஒண்ணே இல்லை, எல்லாம் நாடகம்"னு நம்புறவங்க ஒரு தினுசு. அவங்க கை கழுவமாட்டாங்க, தள்ளி நிக்கமாட்டாங்க. "ஆய்வுக்கூடத்துல செஞ்ச ஆயுதம்"னு நம்புறவங்க இன்னொரு தினுசு. அவங்க தனக்குன்னு சாமான் வாங்கிக் குவிக்கிற பக்கம் சாய்வாங்க. வேடிக்கை என்னன்னா, ஒண்ணை நம்புற ஆளு மத்ததையும் நம்புறது ஜாஸ்தியாம். நோயே கிடையாது, ஆனா அதை சீனாக்காரன் செஞ்சான்! இதைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் வந்துச்சு மாப்ளே. காலையில "மாஸ்க் எல்லாம் சும்மா"ன்னு எழுதின அதே கையால மத்தியானம் மைலோ பாக்கெட்டும் மீ பாக்கெட்டும் பெட்டி பெட்டியா வாங்கி என் ஸ்டோர் ரூம்ல அடுக்கினியே. பாதி மீயை எலி தின்னுச்சு.

இதுக்கும் முந்தி, 2012-லயே இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. இளவரசி டயானாவைக் கொன்னுட்டாங்கன்னு நம்புறவங்க, அவங்க சாகவே இல்லை, எங்கயோ ஒளிஞ்சிருக்காங்கன்னும் நம்புறது அதிகமாம். இருந்தும் இறந்தும் ஒரே மனசுல. அடியில கிடக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: அவங்க நம்மகிட்ட எதையோ மறைக்கிறாங்க. அது மட்டும் உறுதியா இருந்தா, மேல எந்தக் கதையை வச்சாலும் நிக்கும்.

கதை நிக்கட்டும். உடம்பு நிக்கணுமே, அதுதான் கேள்வி. ஈரான்ல சாராயம் குடிச்சா கிருமி செத்துடும்னு ஒரு வதந்தி கிளம்பி, ஜனங்க மெத்தனாலைக் குடிச்சாங்க. அந்த 2020-ம் வருஷ ஆரம்பத்துல இந்த மெத்தனால் வதந்தியால சுமார் 800 பேர் செத்தாங்க, 5,800-க்கு மேல ஆஸ்பத்திரியில விழுந்தாங்க, 60 பேருக்குக் கண்ணே போச்சுன்னு ஒரு மருத்துவ ஆய்வு கணக்குச் சொல்லுது. மெத்தனால் என்ன செய்யும்னு நமக்குப் புதுசா சொல்லணுமா? 2018 செப்டம்பர்ல இதே கிள்ளான் பள்ளத்தாக்குல மலிவுச் சாராயத்துல அது கலந்து எத்தனை பேரைக் கொண்டுபோச்சு. அது காசுக்கு ஆசைப்பட்டவன் செஞ்ச பாவம். ஈரான்ல நல்லது செய்யறோம்னு நினைச்சுத்தான் பல பேர் அந்தச் சேதியை அடுத்தவனுக்கு அனுப்பியிருப்பாங்க. உன்னை மாதிரியே நல்லவங்க.

அப்புறம் நம்ம நடிகர் விவேக். அந்தச் சேதியை நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்குது. சிரிக்கவும் வச்சு யோசிக்கவும் வச்ச மனுஷன். 2021 ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்கே போய், ஜனங்க பயம் போகட்டும்னு கேமராவுக்கு முன்னால ஊசி போட்டுக்கிட்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி விடியக்காலையில போயிட்டார், 59 வயசுல. இங்க கிள்ளான்ல மத்தியானம் ஆகுறதுக்குள்ள உன் பதிவு வந்திருச்சு: "ஊசி கொன்னுடுச்சு." அவருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் முழுசா அடைச்சிருந்துச்சுன்னு வைத்தியம் பார்த்த டாக்டருங்க சொன்னாங்க. குழாயை அடைக்கிற கொழுப்பு ஒரு நாள்ல சேர்றது இல்லை, வருஷக்கணக்குல சேர்றது. இந்திய அரசோட நிபுணர் குழுவும் விசாரிச்சு, ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அப்புறமா சொல்லிச்சு. அந்த "அப்புறமா" வர்றதுக்கு மாசக்கணக்காச்சு. உன் பதிவுக்கு சில மணி நேரம்தான் ஆச்சு. பயத்தைப் போக்கப்போன மனுஷனையே பயமுறுத்துற படமா மாத்திட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறலை.

அதே ஏப்ரல் கடைசியிலதான் அஸ்ட்ராஸெனகா ஊசிக் கூத்து. ரத்தம் உறையுதுங்கிற பயம் பொய்யில்லை மாப்ளே, அது நிஜமாவே சில பேருக்கு வந்துச்சு, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஒத்துக்கிச்சு. ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம். இங்க ஜனங்க பயந்ததால பொதுத் திட்டத்துல இருந்தே அந்த மருந்தைத் தனியா எடுத்துட்டாங்க. ஊசித் திட்டத்தைப் பார்த்துக்கிட்ட அமைச்சர் கைரி ஜமாலுடின் என்ன பண்ணினார்? யாருக்கும் கட்டாயம் இல்லை, வேணும்னு கேக்குறவங்களுக்கு மட்டும், கோலாலம்பூர் சிலாங்கூர்ல இருக்குறவங்களுக்குன்னு மே 2-ம் தேதி மத்தியானம் திறந்துவிட்டார். 268,600 இடம். மூணு நாலு மணி நேரத்துல காலி! வேண்டாம் வேண்டாம்னு கத்தின அதே ஊரு. சும்மா குடுத்தா விஷம், சீக்கிரம் தீர்ந்துடும்னு சொன்னா அமிர்தம். தீபாவளிக்கு உன் கடையில "கடைசி மூணு உறைதான் இருக்கு"ன்னு எழுதி ஒட்டுவியே, அந்த வித்தையை அமைச்சருக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுல ஒரு இடம் உன் பேருல பதிவாகியிருந்ததை என் தங்கச்சி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதை மட்டும் நீ எந்தக் குரூப்புலயும் போடலை.

மருந்துன்னதும் உன் ஐவர்மெக்டின்ங்கிற பூச்சி மருந்துக் கதைக்கு வர்றேன். இதுல மாமன் பாதி டாக்டர். லயத்துல மாடு வளர்த்தவன். குடல் பூச்சிக்கு மருந்து குடுக்கணும்னா முதல்ல மாட்டோட எடை என்னன்னு பார்க்கணும். நெஞ்சைச் சுத்தி ஒரு கயித்தைப் போட்டு அளந்து உத்தேசமா எடையைச் சொல்லுவார் எங்க அப்பா, அதுக்கு ஏத்த மாதிரிதான் மருந்து. கன்னுக்குட்டிக்குப் பசு அளவு குடுத்தா அது நாலு காலும் மடங்கிப் படுத்துரும். நீ 2021-ல எவன்கிட்டயோ திருட்டுத்தனமா மாத்திரை வாங்கி, எடையும் பார்க்காம, யாரையும் கேக்காம, "ஒரு நாளைக்கு எத்தனை போடலாம் மாமா"ன்னு என்னைக் கேட்டே. நான் கயிறு எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். நீ கோவிச்சுக்கிட்டே.

ஐவர்மெக்டின் மோசமான மருந்து இல்லை. ஆத்தோரத்துல வர்ற குருட்டு நோயை ஆப்பிரிக்காவுல அடக்கினது அதுதான், அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015-ல நோபல் பரிசு. கோவிட்டுக்குக் கேக்குமாங்கிறதுதான் கேள்வி. "அரசாங்கம் வேணும்னே மறைக்குது"ன்னு நீ எழுதிட்டு இருந்த அதே மாசங்கள்ல, அதே அரசாங்க ஆஸ்பத்திரிங்க 20-ல, 50 வயசுக்கு மேல வேற வியாதியும் இருந்த 490 கோவிட் நோயாளிகளை ரெண்டு பங்காப் பிரிச்சுப் பரிசோதனை பண்ணியிருக்காங்க. வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்த 249 பேர்ல 43 பேருக்கு நோய் முத்துச்சு. அதோட ஐவர்மெக்டினும் எடுத்த 241 பேர்ல 52 பேருக்கு முத்துச்சு. மருந்தால கூடிச்சுன்னு சொல்ல முடியாது, அந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடியது. ஆனா குறையலைங்கிறது தெளிவு. முடிவை 2022-ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில போட்டு உலகத்துக்கே காட்டிட்டாங்க. மறைக்கிறவன் செய்யற வேலையா அது?

இப்படிப் பிரிச்சுப் பார்க்குறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 1905-ல கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில வில்லியம் பிளெட்சர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர். பெரிபெரி நோய் அப்ப சுரங்கத்துச் சீனர்களை வாரிக்கிட்டுப் போச்சு, தோட்டத்துத் தமிழனை அவ்வளவாத் தொடலை. சாபம்னான், கெட்ட காத்துன்னான், தொத்துன்னான், ஆளுக்கு ஒண்ணு. இவர் நோயாளிகளைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்குத் தீட்டின பச்சரிசி, மறுபக்கத்துக்கு நம்ம புழுங்கல் அரிசி போட்டார். பச்சரிசிப் பக்கம் ஆளுங்க விழுந்தாங்க, செத்தும் போனாங்க. புழுங்கல் பக்கம் தப்பிச்சுது. உன் பாட்டி பழைய சோத்துக்குப் புழுங்கல்தான் வேணும்னு அடம் பிடிக்குமே, அதுல இருந்த சத்துதான். அந்த நோயாளிங்களை "உங்களை வச்சுப் பார்க்கலாமா"ன்னு யாரும் கேட்டிருக்கமாட்டாங்க, அது வேற விஷயம், அதுக்கு நீ கோபப்பட்டா நானும் கூட நிப்பேன். ஆனா எது நிஜம்னு கண்டுபிடிக்க அவர் போன வழி இருக்கே, குரல் பதிவைக் கேட்டு முடிவு பண்ற வழி இல்லை.

சிரிச்சது போதும், ஒண்ணு சொல்றேன். 2021 ஜூலை 13-ம் தேதி நாட்டுல ஒரே நாள் தொத்து முதல் தடவையா 10,000-ஐத் தாண்டிச்சு. ஆகஸ்ட் 26-ல 24,599. வீட்டு வாசல்ல சோத்துக்கு வெள்ளைக் கொடி கட்டின காலம். நம்ம கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில கட்டில் போட இடமில்லாம வெளிய கூடாரம் போட்டாங்க. அந்தச் சமயத்துலதான் என் கூட்டாளி, என்னோட பால் வெட்டினவன், காய்ச்சலோட வீட்டுல கிடந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மூச்சுக்குழாயை மாட்டிக் கொன்னுடுறாங்க, பொணத்துக்கு இவ்வளவுன்னு காசு"ன்னு ஒரு குரல் பதிவு. அதை அவன் தலைமாட்டுல வச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டான். மிளகு ரசம் குடிச்சான். நல்லாத்தான் பேசினான், என்கிட்ட போன்ல எங்க பழைய செவலைப் பசுவைப் பத்திப் பேசினான். அவன் மக விரல்ல மாட்டுற கருவியை வாங்கிட்டு வந்து மாட்டிப் பார்த்தா பிராணவாயு 78. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்க வேண்டியது. மூச்சு முட்டுறதே தெரியாம உள்ளுக்குள்ள பிராணவாயு இறங்கிக்கிட்டே போற வேலையை இந்த நோய் செய்யும். வண்டி வந்து ஏத்திட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சுகாதார அமைச்சு அப்ப தினம் சாவுக் கணக்குச் சொன்னப்ப, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தியே இறந்தவங்கன்னு ஒரு தனிக் கணக்குச் சொல்லுச்சு. அதுல ஒண்ணு அவன்.

அந்தக் குரல் பதிவை அனுப்பினது நீயில்லை. விசாரிச்சுட்டேன். நீயா இருந்திருந்தா உன்கிட்ட இப்படி வேடிக்கை பேசிட்டு இருக்கமாட்டேன்.

அதே வருஷம் அக்டோபர்ல பெரியவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ரெண்டு ஊசியும் முடிஞ்சு, 11-ம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போக விட்டாங்க. அடுத்த வருஷம் மார்ச் 5-ம் தேதி தொத்து 33,406-க்கு ஏறிச்சு, முன்ன இருந்ததைவிட ஜாஸ்தி. ஆனா தினச் சாவு முந்தின வருஷத்து உச்சத்துக்குப் பக்கத்துலகூட வரலை. அப்ப பரவின ஓமிக்ரான் வகை கொஞ்சம் சாதுன்னு சொல்லுவே. அதுவும் உண்மை, ஊசியும் உண்மை. ரெண்டையும் சேர்த்துச் சொல்றவன் பதிவை மட்டும் யாரும் பகிர்றதில்லை.

இப்ப ஏன் கிழவன் பழசைக் கிளர்றான்னு கேப்பே. நேத்து உன் பொண்டாட்டி போன் பண்ணுச்சு. பிள்ளைக்கு மூணு மாச ஊசி போடவேணாம்னு சொல்லிட்டியாமே? ஆறு நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி, அரசாங்கக் கிளினிக்ல காசே இல்லாம. அதுல போலியோவும் ஒண்ணு. 27 வருஷமா இந்த நாட்டுல போலியோவே இல்லாம இருந்துச்சு மாப்ளே. 2019 டிசம்பர்ல சபா, துவாரான்ல மூணு மாசக் குழந்தைக்குத் திரும்ப வந்துச்சு. உன் பிள்ளை வயசு. கோவிட்டுக்கு முந்தி உன்கிட்ட இந்தக் குழந்தை ஊசி பத்திக் கேட்டா, "அது எல்லாரும் போடுறதுதானே மாமா"ன்னு சொல்லியிருப்பே. ஒரு ஊசியைச் சந்தேகப்பட்ட மனசு இப்ப எல்லா ஊசியையும் பார்த்து முறைக்குது. நீயாவது உன் உடம்பை வச்சு விளையாடினே. அது பேச்சு வராத பச்சப்பிள்ளை, அதுக்கு வாட்சாப்பும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் கிளினிக். ஏழரைக்குக் காடியை எடுத்துட்டு உன் வீட்டு வாசல்ல நிப்பேன். அத்தையும் வர்றா, பிள்ளையை மடியில வச்சுக்க. நீ வரலைன்னா பரவாயில்லை, பிரிக்பீல்ட்ஸ்ல கடையைப் பாரு. வேணும்னா அன்னிக்கும் ஒரு பதிவு போட்டுக்கோ: கிள்ளான்ல கைலி கட்டின கிழவன் ஒருத்தன் பச்சப்பிள்ளையைத் தூக்கிட்டு மேரு கிளினிக் பக்கம் போறான், ஜாக்கிரதைன்னு. யாராவது போலீஸைக் கூட்டிட்டு வந்தா அவங்களுக்கும் பசியாற எதாச்சும் வாங்கிக் குடுக்குறேன். பிள்ளையோட ரெக்கார்டு புத்தகத்தை மட்டும் முந்தின ராத்திரியே பைக்குள்ள எடுத்து வைக்கச் சொல்லு. ரெண்டு மாச ஊசிக்குப் போனப்ப அதைத் தேடியே அரை மணி நேரம் போச்சு, கடைசியில உன் மீ பெட்டிக்கு அடியில கிடந்துச்சு.